வாஃபிள் அச்சும் சுட்டுக்கொண்ட கைகளும்

அமெரிக்காவில் ஆகஸ்ட் 24ஆம் தேதியை வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 1869ஆம் ஆண்டு அதே தேதியில்தான் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ட்ராய் நகரைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவருக்கு ஒரு வாஃபிள் அச்சுக்காகக் காப்புரிமை கிடைத்தது. எண் 94,043. இதை வைத்துக்கொண்டு பல பொது அறிவுத் துணுக்குகள் "வாஃபிள் அச்சைக் கண்டுபிடித்தவர் ஸ்வார்ட்அவுட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

ஆனால் வியன்னா அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. பீட்டர் ப்ரூகல் 1559ல் வரைந்தது. களியாட்டத் திருவிழாவும் தவக்காலமும் ஒன்றோடொன்று சண்டைக்கு நிற்பதுபோல ஒரு ஊர்ச் சதுக்கம் முழுவதையும் அதில் வரைந்திருக்கிறார். திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் நெருப்பு மூட்டி வாஃபிள் சுட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம் சிலர் வாஃபிளைப் பந்தயமாக வைத்துப் பகடை உருட்டுகிறார்கள். அதாவது ஸ்வார்ட்அவுட்டுக்கு 310 ஆண்டுகளுக்கு முன்பே வாஃபிள் தெருவில் சூதாட்டப் பொருளாகிற அளவுக்குச் சாதாரணமாக இருந்திருக்கிறது!

அப்படியானால் ஸ்வார்ட்அவுட் செய்தது என்ன? அது சின்ன வேலைதான். ஆனால் வீட்டில் சமைக்கிறவர்களைப் பொறுத்தவரை மிகவும் தேவையாக இருந்த வேலை. அதைப் புரிந்துகொள்ள வாஃபிள் எப்படிச் சுடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூடிச் சுடுவது

தோசை ஒரு கல்லில் வேகிறது, பிறகு திருப்பிப் போடுகிறோம். வாஃபிள் அப்படியல்ல. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிவிட வேண்டும். தட்டுகளின் உட்புறம் கட்டம் கட்டமாகப் புடைத்திருக்கும், அதனால் பலகாரத்தின் இரு பக்கமும் குழி குழியாக வரும். மாவைத் தனியாகத் திருப்ப முடியாது. திருப்புவதென்றால் அச்சு முழுவதையும் திருப்ப வேண்டும். அச்சு இரும்பு, கனம், கொதிக்கிற சூடு. வாஃபிளின் வரலாறு முழுக்க இந்த ஒரு தொல்லையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இதன் முன்னோடி தேவாலயத்தில் பிறந்தது. நற்கருணைக்கான மெல்லிய ஓஸ்தி அப்பத்தை இரு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்திச் சுடுவார்கள். தட்டுகளில் சிலுவையும் வேத காட்சிகளும் செதுக்கப்பட்டிருக்கும். அதே அச்சு மெல்ல மெல்லக் கோயில் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. பிரான்சில் 'ஊப்ளி' என்ற மெல்லிய அப்பத்தைச் சுட்டு விற்பவர்களுக்கு 1270ஆம் ஆண்டு வாக்கிலேயே தனித் தொழிற்குழு இருந்தது. தட்டுகளில் சிலுவைக்குப் பதில் குலச் சின்னங்களும் தேன்கூடு போன்ற கட்டங்களும் வந்தன. அப்பமும் தடித்தது. வாஃபிள் என்ற சொல்லும், பிரெஞ்சில் அதற்கு வழங்கும் 'கோஃப்ர்' என்ற சொல்லும், தேன்கூட்டைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தவை. 16ஆம் நூற்றாண்டில் வியாபாரம் எந்த அளவுக்குப் போட்டியாகிவிட்டது என்றால், விற்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இரண்டு 'துவாஸ்' தூரமாவது (ஏறத்தாழ 4 மீட்டர்) தள்ளி நிற்க வேண்டும் என்று அரசர் ஒன்பதாம் சார்லஸ் காலத்தில் உத்தரவு போட வேண்டியதாயிற்று. கோயில் திருவிழாவில் பஜ்ஜிக் கடை போடுபவர்கள் இடத்துக்குச் சண்டை போடுவதுபோலத்தான்.

வீட்டில் சுடுவது பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் முக்கியமானது, பாரிஸில் 1393 வாக்கில் எழுதப்பட்ட ஓர் இல்லறக் கையேடு. வயதான கணவர் ஒருவர் தம் இளம் மனைவிக்காக எழுதியதாக அமைந்த நூல் அது. எழுதியவர் பெயர் தெரியாததால் 'பாரிஸ் இல்லத்தலைவர்' என்ற பொருளில் 'மெனாஜியே' என்றே அழைக்கிறார்கள். முட்டை, உப்பு, ஒயின், மாவு ஆகியவற்றைக் கலந்து இரண்டு இரும்புக்கும் இடையே வைத்து இரு பக்கமும் வேகவிடச் சொல்கிறது அது. இரும்பில் மாவு ஒட்டிக்கொண்டால் எண்ணெயில் நனைத்த சின்னத் துணியால் துடைக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. ஆக, 600 ஆண்டுகளுக்கு முன்பும் ஒட்டியிருக்கிறது! தோசைக்கல்லில் எண்ணெய்த் துணியோ வெங்காயமோ வைத்துத் தேய்க்கும் யாருக்கும் இந்தக் குறிப்பை விளக்கவே தேவையில்லை.

கணப்படுப்பின் முன்னால்

அந்தக் கால அச்சு பார்ப்பதற்குப் பெரிய இடுக்கி போல இருக்கும். ஒரு முனையில் இரண்டு தட்டுகள், மறு முனையில் முழ நீளத்துக்கும் மேலான இரண்டு கைப்பிடிகள். கொல்லன் பட்டறையில் அடித்துச் செய்தது. சமையல் அப்போது கணப்படுப்பில், அதாவது சுவரோடு சேர்ந்த திறந்த நெருப்பில் நடந்தது. கைப்பிடி அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். நெருப்பிலிருந்து கை தள்ளியிருக்க வேண்டும்.

நீளம் கையைக் காப்பாற்றியது, ஆனால் தோளைப் பழிவாங்கியது. கைக்கு அருகே இருக்கும்போது லேசாகத் தெரியும் எடை, முழ நீளத்துக்கு அப்பால் இருந்தால் பல மடங்காக இழுக்கும். அச்சை நெருப்புக்குள் நீட்டிப் பிடித்து, பாதியில் மணிக்கட்டைச் சுழற்றித் திருப்பி, மறுபடி பிடித்து, வெளியே எடுத்துத் திறந்து பார்த்து... ஒரு குடும்பத்துக்கு வாஃபிள் சுடுவது என்பது ஒரு முழுப் பொழுதும் நெருப்பின் எதிரில் குனிந்து நிற்கும் வேலை. அதனால்தான் அது தினசரி உணவாக இல்லாமல் பண்டிகைப் பலகாரமாக இருந்தது. தவக்காலத்துக்கு முந்தைய நாட்கள், புத்தாண்டு, திருமணம் ஆகிய நாட்களில்தான் அச்சு வெளியே வரும். ஸ்வீடனில் மார்ச் 25 வாஃபிள் நாள். மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளான 'வோர்ஃப்ரூதாகன்', பேச்சில் தேய்ந்து 'வோஃபல்தாகன்' ஆகிவிட்டது. திருநாள் பெயரே பலகாரமாக மாறிய கதை அது.

இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஃபெர்ரதெல்லே' சுடும் அச்சுகளில் வீட்டாரின் பெயர் முதலெழுத்துகளைச் செதுக்குவார்கள். வடமேற்கு ஜெர்மனியின் புத்தாண்டு அப்ப அச்சுகளில் பெயரும் ஆண்டும் இருக்கும். நம் வீடுகளில் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பதை நினைத்துக்கொண்டால் போதும். கடையில் போய் இன்னொன்று வாங்கிக்கொள்ளும் பொருளாக யாரும் அதைக் கருதவில்லை.

டச்சுக்காரர்கள் கப்பல் ஏறிய இடங்களுக்கெல்லாம் இந்த அச்சுப் பழக்கமும் கூடப் போனது. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் சீனப் புத்தாண்டுக்குச் சுடும் 'குவே காபிட்' என்ற மெல்லிய தேங்காய்ப்பால் அப்பத்துக்கு நீளக் கைப்பிடி கொண்ட கீல் அச்சுதான். கரியடுப்பின் மேல் வரிசையாக அடுக்கித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கொக்கிஸ்' என்ற பெயரே 'கூக்யஸ்' என்ற டச்சுச் சொல்லின் மருவல்தான். ஆனால் அது வேறு வகை. நம் அச்சு முறுக்கைப் போல இரும்புப் பூவை மாவில் தோய்த்து எண்ணெயில் விடுவது.

வட அமெரிக்காவுக்கும் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் குடியேறிகள்தான் வாஃபிளைக் கொண்டுபோனார்கள். இங்கேயும் ஒரு தவறான கதை சுற்றுகிறது. தாமஸ் ஜெஃபர்சன்தான் அமெரிக்காவுக்கு வாஃபிள் அச்சைக் கொண்டுவந்தார் என்பார்கள். அவர் 1788ல் ஆம்ஸ்டர்டாம் போனபோது வாஃபிள் அச்சு வாங்கியது உண்மை. செலவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஹட்சன் ஆற்றங்கரையில் டச்சு வீடுகளில் வாஃபிள் சுடப்பட்டுக்கொண்டிருந்தது. இதில் சொல்லப்படாமல் போகும் இன்னொரு விஷயமும் உண்டு. ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் சமைத்தவர்கள் அடிமைகள். அவர்களில் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்பவரை ஜெஃபர்சன் பாரிஸுக்கே அழைத்துப்போய்ப் பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார். அச்சை வாங்கியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதை நெருப்பில் நீட்டிப் பிடித்த கைகள் அவருடையவை அல்ல.

அடுப்பு மாறியது

1830களிலிருந்து அமெரிக்க வட மாநில வீடுகளில் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. திறந்த கணப்பை மூடிவிட்டு, வார்ப்பிரும்பில் செய்த மூடிய அடுப்புகளை வைக்கத் தொடங்கினார்கள். விறகோ நிலக்கரியோ உள்ளே எரியும். மேலே மேசை போன்ற இரும்புப் பரப்பு, அதில் வட்டமான துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடியை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை வைத்தால் நேரடி நெருப்பு கிடைக்கும். எரிபொருள் மிச்சம், புகை குறைவு, குனிய வேண்டியதில்லை.

எல்லாப் பாத்திரத்துக்கும் இது வசதிதான், வாஃபிள் அச்சைத் தவிர! முழ நீளக் கைப்பிடி கொண்ட இடுக்கியை அடுப்பு மேசைமேல் எப்படி வைப்பது? நெருப்புக்குள் நீட்ட இப்போது வாய் இல்லை. துளையின் மேல் வைத்தால் கைப்பிடியின் கனத்தில் சாயும். கைப்பிடியைக் குட்டையாக்கினால், சூடான அச்சை அப்படியே தூக்கி, அந்தரத்தில் திருப்பி, மறுபடி துளையின் மேல் சரியாக உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் வழுக்கினால் மாவு அடுப்பில், அச்சு காலில்.

ஸ்வார்ட்அவுட் இருந்த ஊரைக் கவனிக்க வேண்டும். ட்ராயும் அதன் அருகிலுள்ள ஆல்பனியும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அடுப்புத் தயாரிப்புக்குப் பெயர்போன நகரங்கள். அந்தப் பகுதி மணல் இரும்பு வார்க்க மிக ஏற்றது. ஹட்சன் ஆறும் 1825ல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயும் சரக்கை நாடெங்கும் கொண்டுபோயின. அதே பகுதிதான் பழைய டச்சுக் குடியேற்றமும். ஸ்வார்ட்அவுட் என்ற குடும்பப் பெயரே டச்சுப் பெயர். வாஃபிள் தின்னும் மக்களும் அடுப்பு வார்க்கும் ஆலைகளும் ஒரே ஊரில் இருந்தால், இந்தச் சிக்கலுக்கு அங்கே விடை பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

அவரது அச்சில் கைப்பிடியும் கீலும் ஒரு வார்ப்பிரும்பு வளையத்தில் சுழல்கின்றன. வளையம் அடுப்புத் துளையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அச்சு அதற்குள் உட்காரும். ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் கைப்பிடி, இரண்டும் சக்கரத்தின் இருசு போல. கைப்பிடியைப் பிடித்து ஒரு திருகு திருகினால் அச்சு முழுவதும் நின்ற இடத்திலேயே தலைகீழாகிவிடும். தூக்க வேண்டாம், குறி பார்த்து வைக்க வேண்டாம். எடையை வளையம் தாங்கிக்கொள்கிறது, கைக்குத் திருகுவது மட்டுமே வேலை.

அவ்வளவுதான் அந்தக் காப்புரிமை. வாஃபிளை அவர் கண்டுபிடிக்கவில்லை, அச்சையும் கண்டுபிடிக்கவில்லை. கணப்படுப்புக்காகப் பிறந்த ஒரு கருவியைப் புது அடுப்புக்கு ஏற்ப மாற்றியவர்களில் ஒருவர் என்பதே சரி. ஆனால் ஒருவர் தனியாக, ஒரு வார நாள் காலையில், கையைச் சுட்டுக்கொள்ளாமல் வாஃபிள் சுட முடிகிறது என்றால் இப்படிப்பட்ட மாற்றம்தான் அதற்குக் காரணம். துணுக்குகளில் வரும் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைவிட இது பெரிய பாராட்டு.

அடுத்த 50 ஆண்டுகள் இந்த வகை அச்சுக்குப் பொற்காலம். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்ட் நிறுவனமும், ஓஹையோவின் சிட்னி நகரில் வாக்னர் நிறுவனமும் போட்டி போட்டுக்கொண்டு வார்த்தன. கிரிஸ்வோல்ட் அச்சில் கீல் ஓர் இரும்புப் பந்தாக இருக்கும். வளையத்தில் அதற்கேற்ற கிண்ணம். நம் தோள் மூட்டு மாதிரி எந்தப் பக்கமும் லகுவாகச் சுழலும். கைப்பிடியில் மரமோ சுருள் கம்பியோ சேர்த்துச் சூட்டைக் குறைத்தார்கள். 7, 8, 9 என்ற எண்கள் அடுப்புத் துளையின் அளவைக் குறித்தன. எந்த எண் அடுப்போ அந்த எண் அச்சு. பிறகு எரிவாயு அடுப்பு வந்தபோது அதற்கென உயரமான வளையம் வார்த்தார்கள், சுடருக்கும் தட்டுக்கும் இடைவெளி வேண்டும் என்பதால். கிரிஸ்வோல்ட் அச்சுகளில் 1908 டிசம்பர் 1, வாக்னர் அச்சுகளில் 1910 பிப்ரவரி 22 என்று காப்புரிமைத் தேதிகள் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும். பழைய பொருள் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இந்தத் தேதியைத்தான்.

அடுப்பின் மேல் நடப்பது

இதில் சுடுவதற்கும் பொறுமை வேண்டும். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும், ஆனால் ஏறிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். அலுமினியம் இதைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் வார்ப்பிரும்பு அச்சை மிதமான தீயில் மூடி வைத்து, ஒரு பக்கம் ஐந்து நிமிடம், திருப்பி மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது.

புது இரும்புக்கல்லைப் பழக்குவது போல இதையும் பழக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சைச் சூட்டில் காய வைக்கும்போது அது இரும்பின்மேல் கெட்டியான கரும்படலமாக மாறுகிறது. அந்தப் படலம்தான் ஒட்டாமல் காப்பது. தட்டையான கல்லில் இது எளிது. வாஃபிள் அச்சில் ஒவ்வொரு கட்டத்தின் நான்கு சுவரும் அடியும் பழகியிருக்க வேண்டும், ஒரு மூலை விட்டுப்போனாலும் வாஃபிள் இரண்டாகக் கிழிந்து மேலே பாதி கீழே பாதி என்று நிற்கும். மாவில் சர்க்கரை அதிகமானாலும் இதே கதிதான்.

மாவை ஊற்றி மூடிய சில நொடிகளிலேயே அச்சைத் திருப்புவது வழக்கம். கீழ்த்தட்டின் குழிகள் மாவின் எடையால் நிரம்பிவிடும், மேல்தட்டின் குழிகள் காலியாக இருக்கும். திருப்பினால் மாவு அந்தப் பக்கமும் இறங்கும். ஸ்வார்ட்அவுட்டின் திருகு இங்கேதான் பயன்படுகிறது. மாவு இன்னும் நீராக இருக்கும் அந்த நேரத்தில் அச்சைத் தூக்கித் திருப்பினால் வழியும், வளையத்தில் சுழற்றினால் வழிவது குறைவு. பிறகு ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். ஆவி அடங்கினால் பதம். அதற்கு முன் ஆசைப்பட்டுத் திறந்தால் கிழியும். கடிகாரம் தேவையில்லாத வேலை, ஆனால் கண்ணை எடுக்கக் கூடாத வேலை.

மின்சாரம் வந்தது

1910களில் மின்சார வாஃபிள் அச்சுகள் விற்பனைக்கு வந்தன. இரு தட்டிலும் தனித்தனிச் சூடேற்றி இருந்ததால் திருப்ப வேண்டிய அவசியமே போயிற்று. அடுப்பும் வேண்டாம், சாப்பாட்டு மேசையிலேயே வைத்துச் சுடலாம். 1920களில் நகரத்து வீடுகளில் அது அந்தஸ்தின் அடையாளம், நல்ல திருமணப் பரிசு. (அப்படி 1930களில் பரிசாக வந்த ஓர் அச்சில்தான் ஓரிகனில் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1970களின் தொடக்கத்தில் ரப்பர் போன்ற பொருளை ஊற்றி நைக்கி காலணியின் கட்டம் போட்ட அடிப்பகுதிக்கு வழி கண்டார். அச்சு ஒட்டிக்கொண்டு பாழானது தனிக்கதை.)

ஆனால் கிராமங்களில் நிலைமை வேறு. 1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மின்சாரம் இருந்தபோது, பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. கிராம மின்மயமாக்கலுக்கான அரசு அமைப்பு 1935ல்தான் தொடங்கியது. அதுவரை பண்ணை வீட்டுச் சமையலறையில் விறகடுப்பும் அதன் மேல் திருகும் வார்ப்பிரும்பு அச்சுமே இருந்தன. கம்பம் நட்டுக் கம்பி இழுத்த பிறகு அந்த வீடுகளிலும் பழைய அச்சு பரணுக்குப் போனது. கிரிஸ்வோல்டின் ஈரி ஆலை 1957ல் மூடப்பட்டது. சிட்னியில் இருந்த வாக்னர் ஆலை 1999ல் மூடப்பட்டது.

பரணுக்குப் போனவை துருப்பிடித்தன, அவ்வளவுதான். உடையவில்லை. மின்சார அச்சில் கம்பி எரிந்தால், மேல்பூச்சு உரிந்தால் குப்பைக்குத்தான். வார்ப்பிரும்பு அச்சில் பழுதாக என்ன இருக்கிறது? துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவிப் பழக்கினால் 1908 தேதி போட்ட அச்சு இன்றும் வாஃபிள் சுடும். சுடுகிறார்கள். கூடாரமடித்துத் தங்குபவர்களுக்காகவும், மின்சாரச் சாதனத்தில் சலித்துப்போனவர்களுக்காகவும் அடுப்பில் வைக்கும் இரும்பு அச்சுகளைப் புதிதாக வார்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அடுப்பு மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் வார்ப்பிரும்பு நன்றாகவே சூடேறும், ஆனால் பாத்திரம் கண்ணாடிப் பரப்பை ஒட்டி இருந்தால்தான். வளையத்தில் உட்கார்ந்த அச்சு அந்தப் பரப்பிலிருந்து சற்று உயர்ந்தே நிற்கிறது, அதனால் தட்டு சரியாகக் காய்வதில்லை. வளையத்தை எடுத்துவிட்டுத் தட்டுகளை மட்டும் நேராக வைத்தால் காயும். திருப்புவதற்குக் கையால்தான் தூக்க வேண்டும்.